அடைக்கலமேரி சொல்லாமல் விட்ட கல்

தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அடைக்கலமேரி டீச்சருக்கு வந்தது கூச்சம் இல்லை. பயம்.

கொடும்பாளூரில் உடையப்பன் வீட்டுக் கூடம். தன் ஒரே மகன் செம்மலுக்குப் பெண் கேட்டு வந்திருந்தாள். கொண்டுவந்த பூவும் பழமும் தாம்பாளத்தோடு நடுவில் அப்படியே இருந்தன. பெண்ணின் தாய் செவந்தி கொடுத்த காபியில் ஒரு வாய்தான் குடித்திருப்பாள். அதற்குள் பெண்ணின் தாய்மாமன் நாகராசு, துபாயிலிருந்து விடுப்பில் வந்தவன், தன் கைப்பேசியை ஒரு காலி நாற்காலியின் மேல் வைத்து ஒலிக்கவிட்டான்.

"அன்பிய ஜெபக் கூட்டத்துல இன்னைக்கு நமக்கு விளக்கம் குடுக்கிறவங்க, திருக்கோகர்ணம் அடைக்கலமேரி டீச்சர்" என்று ஒரு பெண் அறிமுகம் செய்தாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். அப்புறம் அடைக்கலமேரியின் குரலேதான், கணீரென்று:

"ராஜா கனவுல வந்த அந்தச் சிலையோட பாதம் பாதி இரும்பு, பாதி களிமண்ணு. இரும்பு யாரு? ஞானஸ்நானம் வாங்கின நாம. களிமண்ணு யாரு? வெளியில இருக்கிற சனம். கல்யாணத்தைப் பண்ணி ரெண்டையும் ஒட்ட வச்சுப் பாப்பாங்க. ஒட்டுமா? ஒட்டவே ஒட்டாது! ஒரு மழைக்குத் தாங்குமா களிமண்ணு?"

கைப்பேசிக்குள் பெண்கள் சிரித்தார்கள். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"நிப்பாட்டவா, இன்னும் கேக்கணுமா?" என்றான் நாகராசு.

"மாமா, ப்ளீஸ்..." கதவோரம் நின்ற கல்யாணப் பெண் காவ்யாவின் குரல் உடைந்தது.

"நீ உள்ள போ தாயி. இந்தப் பேச்சு, துபாய்ல எங்க ரூம்ல இருக்கிற தேவகோட்டைக்காரன் அனுப்பினது. நல்ல விளக்கம், கேட்டுப் பாருன்னான். நானும் கேட்டேன், கதை நல்லாத்தான் இருந்துச்சு. இங்கிட்டு பொண்ணு கேட்டு வர்ற டீச்சரம்மா பேரும் இதே பேருன்னு அக்கா சொன்னப்பத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

அடைக்கலமேரி மகனைப் பார்த்தாள். செம்மல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது வந்துங்க... தானியேல் தீர்க்கதரிசி சொன்னதைத்தான் நான்..." என்று இழுத்தாள் அடைக்கலமேரி.

பெண்ணின் அப்பா உடையப்பன் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். கோபக்காரர் இல்லை அவர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"களிமண்ணுன்னு சொன்னதுல எனக்கு வருத்தம் இல்லைங்க. கம்மாய்க் களிமண்ணை அள்ளிப் போட்டாத்தான் என் வயலே வெளையுது. ஆனா நீங்க அதை எந்த அர்த்தத்துல சொன்னீங்கன்னு குரல்லயே கேக்குதே! சிரிக்கிறாங்களே பின்னாடி!"

"எம்பொண்ணு உங்க வீட்ல ஒட்டமாட்டான்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே சம்மந்தி..." என்ற செவந்தி, அந்தச் சொல் வாய் தவறி வந்துவிட்டதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஐயோ, அந்த ஒரு சொல்லைக் கேட்க எத்தனை ஆசையோடு வந்திருந்தாள் அடைக்கலமேரி! அது இப்படியா வந்து விழ வேண்டும்?

"ரெண்டு பிள்ளைகளும் ஆசைப்பட்டிருச்சுங்க" என்றார் உடையப்பன். "நான் குறுக்க நிக்கிற ஆள் இல்ல. ஆனா இந்தப் பேச்சு இருக்கிற வீட்டுக்கு எம்பொண்ணை அனுப்பமாட்டேன். நீங்க எங்க உக்காந்து சொன்னீங்களோ, அங்கயே, அந்த ஆளுங்க முன்னாடியே, இது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. சரின்னா சரின்னும் சொல்லுங்க. நானும் வந்து ஓரமா உக்காந்து கேக்குறேன். அதுக்கப்புறம் பேசுவோம்."

அடைக்கலமேரி தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் அம்மாவும் மகனும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அன்னவாசல் தாண்டிய பிறகு அவள்தான் கேட்டாள்.

"நான் இப்படிப் பேசியிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"தெரிஞ்சதாலதான்மா காவ்யாவைப் பத்தியே ஒங்ககிட்ட இத்தனை நாள் சொல்லல."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே வெயிலில் பாறையும் முள்ளுமாக ஓடிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்துப் பயந்து ஒளிந்திருக்கிறான்! இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன தண்டனை வேண்டும்?

யார் இந்த அடைக்கலமேரி? பொல்லாதவளா? இல்லவே இல்லை. புதுக்கோட்டையில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஆடு மேய்த்த வீட்டிலிருந்து படித்து வந்தவள். கணவன் ராயப்பன் மாரடைப்பில் போனபோது செம்மலுக்கு மீசை முளைக்கவில்லை. அன்றைக்குப் போன தூக்கம் அவளுக்குத் திரும்ப வரவே இல்லை. படுத்தால் மின்விசிறியின் சத்தம். கண்ணை மூடினால் ராயப்பனின் இருமல்.

அப்படி ஒரு நாள் விவிலியத்தை விரித்தபோதுதான், தூக்கம் தொலைத்த அந்த ராஜாவைக் கண்டாள். பாபிலோன் ராஜா ஒரு கனவு காண்கிறான். மனம் கலங்கிப் போகிறது. ஞானிகளைக் கூப்பிட்டு, என் கனவு என்னவென்றும் நீங்களே சொல்லுங்கள், அதன் அர்த்தத்தையும் நீங்களே சொல்லுங்கள், இல்லையென்றால் தலை போகும் என்கிறான். எல்லாரும் நடுங்கி நிற்க, சிறைப்பட்டு வந்த தானியேல் முன்னே வந்து சொல்கிறான்: ராஜாவே, நீர் கண்டது ஒரு பெரிய சிலை. தலை பொன். மார்பு வெள்ளி. வயிறு வெண்கலம். கால் இரும்பு. பாதமோ இரும்பும் களிமண்ணும் கலந்தது.

படித்ததும் அடைக்கலமேரிக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னைப் போலவே தூங்காத ஒருவனுக்கு இத்தனை தெளிவாகப் பதில் கிடைத்திருக்கிறதே! கணக்கு டீச்சர் இல்லையா? கனவையும் கணக்குப் போலவே படித்தாள். தலை என்றால் பாபிலோன். மார்பு என்றால் பாரசீகம். ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் ஒரு சமக்குறி. விடை வந்துவிட்டால் மனசு கொஞ்ச நேரம் அடங்கியது.

பங்கில், தேவாலயத்துச் சனங்களிடையே, அவளுக்கு 'தானியேல் டீச்சர்' என்றே பெயர் வந்துவிட்டது. திருக்கோகர்ணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் அவள் பேசினால், தொலைக்காட்சித் தொடரை விட்டுவிட்டு வருவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில்தான், அடுத்த தெருப் பரிமளா கண் கலங்கிக் கேட்டாள்: "டீச்சரக்கா, எம்பொண்ணு அன்புச்செல்வி கூட வேலை பாக்கிற பையனை விரும்புறா. சூர்யபிரகாஷ்னு பேரு. இந்துப் பையன். நல்ல பிள்ளை. எனக்கு மனசு ரெண்டாக் கெடக்கு. வேதம் என்னக்கா சொல்லுது?"

மனசு ரெண்டாகக் கிடக்கிறவளுக்கு உடனே விடை சொல்லிவிட்டாள் டீச்சர். பாதத்துக்கும் ஒரு சமக்குறி போட்டாள். ஒருங்கிணைப்பாளர் அம்மா வழக்கம்போல அதைப் பதிவுசெய்து குழுவில் போட்டாள். பரிமளா வீட்டுக்குப் போய் மகளிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். வருஷங்கள் கழித்துச் செம்மல் காவ்யாவைப் பற்றிச் சொன்னபோது டீச்சருக்கு மகன் முகம்தான் தெரிந்தது, அந்தப் பேச்சு நினைவுக்கே வரவில்லை. அந்தக் குரலோ கடலைத் தாண்டித் துபாய்க்குப் போய், ஒரு கட்டிலில் படுத்திருந்தவன் காதில் விழுந்து, கொடும்பாளூருக்குத் திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகப் பங்குத்தந்தையிடம் போனாள். இளவயதுச் சாமியார். மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். பொண்ணு இந்துங்கிறதால ஆயர்கிட்ட அனுமதி கேட்டு எழுதியாச்சு. வந்ததும் கோயில்லயே கல்யாணத்தை வச்சுக்கலாம்."

"கல்யாணமே இல்ல போல சாமி." நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.

சாமியார் குழாயை நிறுத்தினார். "அந்தப் பழைய பதிவை நானும் கேட்டிருக்கேன் டீச்சர்."

"கேட்டீங்களா? ஏன் சாமி ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லியிருக்கணும். நான் இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. எல்லாரும் ஒங்களை அப்படிக் கொண்டாடுறாங்க, பயந்துட்டேன்." அவர் முகம் சிவந்தது. "அந்த இடத்துல சொல்ற சம்பந்தம் ராஜாக்கள் பண்ணின சம்பந்தம் டீச்சர். எகிப்துல ஒரு வம்சம், சிரியாவுல ஒரு வம்சம். சண்டை போட்டு அலுத்துப்போனா, பொண்ணைக் குடுத்து ராஜ்யத்தை ஒட்ட வைக்கப் பாத்தாங்க. ஒட்டல. பழைய உரைகாரங்க அதை ரோமாபுரின்னு சொல்லுவாங்க. எப்படிப் பாத்தாலும் அது ராஜ்யத்தைப் பத்தின பேச்சு. செம்மலும் காவ்யாவும் எந்த ராஜ்யத்தை ஆளப் போறாங்க?"

அடைக்கலமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இன்னொண்ணு. ஒங்க பேச்சு முழுக்கத் தேடினேன். கல்லு வரவே இல்லையே?"

ஆமாம், கல்! கனவின் முடிவே அதுதானே! மலையிலிருந்து யார் கையும் படாமல் ஒரு கல் பெயர்ந்து வருகிறது. சிலையின் பாதத்தில் மோதுகிறது. பிறகு அந்தக் கல்லே வளர்ந்து பெரிய மலையாகிப் பூமியை நிரப்புகிறது. ஆணின் துணையின்றி மாதா வயிற்றில் பிறந்த கிறிஸ்துதான் கை படாத அந்தக் கல் என்று திருச்சபையின் ஆதி ஆசிரியர்கள் சொல்வதை அவளே எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். ஆனால் பேசும்போது பாதத்தோடு நின்றுவிட்டாள். இரும்பும் களிமண்ணும் கிடைத்ததும் அவளுக்குப் போதுமாக இருந்துவிட்டது.

"கல்லு மோதுறப்போ களிமண்ணு மட்டுமா ஒடையுது டீச்சர்?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி. இரும்பும் தூளாவுது. பொன்னும்தான். எல்லாம் களத்துமேட்டுப் பதராட்டம் காத்துல போயிருது." மனப்பாடமாகச் சொன்னவளுக்குச் சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது. நாம்தான் இரும்பு என்று மார்தட்டினாளே, அந்த இரும்பு என்ன ஆயிற்று? கிறிஸ்து வந்து மோதுகிற இடத்தில் தன்னை நிறுத்திவிட்டல்லவா சிரித்திருக்கிறாள்!

"சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? இது எனக்கு உண்மையாவே புரிஞ்சிருச்சா, இல்ல, எம்மகன் கல்யாணத்துக்காகப் புரியுதா?"

அவர் குழாயை மறுபடி திறந்தார். "அது எனக்குத் தெரியாது டீச்சர்" என்றார்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நின்றாள்; பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். செம்மல் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்!

அடுத்த அன்பியக் கூட்டம் யார் வீட்டு முறை என்று விசாரித்தாள். பரிமளா வீடு.

சாயங்காலம் உடையப்பனும் செவந்தியும் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்களைப் பெண்கள் வியப்போடு பார்த்து நகர்ந்து இடம்விட்டார்கள். செம்மல் வாசற்படியோரம் நின்றான். பாட்டும் ஜெபமும் முடிந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா கைப்பேசியை நீட்டி, "இப்ப நம்ம தானியேல் டீச்சர்..." என்று ஆரம்பித்தாள்.

அடைக்கலமேரி எழுந்தாள். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் முன்னால் நின்றவள்! இப்போது சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"பதிவு பண்ணுங்க. பழைய பேச்சை அனுப்பின எல்லாருக்கும் இதையும் அனுப்புங்க" என்றாள். "நான் ஒரு தடவை இரும்பும் களிமண்ணும்னு பேசினேன். நாம இரும்பு, மத்தவங்க களிமண்ணுன்னு சொன்னேன். வேதத்துல அப்படி இல்ல. அங்க இருக்கிறது ராஜாக்களும் அவங்க ராஜ்யமும். ஒட்டாம நின்னது அவங்க அதிகாரம். ரெண்டு பிள்ளைங்க மனசு ஒத்துப் பண்ற கல்யாணத்தை அது சொல்லவே இல்ல. முடிவுல ஒரு கல்லு வருது. அதை நான் சொல்லாம விட்டுட்டேன். அந்தக் கல்லு நம்ம ஆண்டவர். அவர் வந்து மோதுறப்போ ஒடையிறது களிமண்ணு மட்டும் இல்ல, இரும்பும்தான். நாம இரும்புன்னு நெனைச்சா, நாமதான் மொதல்ல ஒடையணும். நான் தப்பாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

பரிமளா எழுந்தாள்.

"நல்லாருக்கு டீச்சரக்கா. எம்பொண்ணு கேட்டப்ப களிமண்ணு. ஒங்க மகனுக்குன்னு வந்ததும் களிமண்ணு பொன்னாயிருச்சோ?"

"பரிமளா..." யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்கடி! எம்பொண்ணு கோயமுத்தூருல ஒத்தையாக் கெடக்குறா. பண்டிகைக்கும் வர்றதில்ல. போன் பண்ணினா 'ம்', 'ம்'னு ரெண்டு வார்த்தை. அந்தப் பையனுக்கு வேற எடத்துல கல்யாணமே ஆயிப்போச்சு. இப்ப வந்து ராஜாங்கிறீங்க, ராஜ்யங்கிறீங்க! அன்னைக்கு எங்க போச்சு ஒங்க கல்லு?"

எல்லார் கண்ணும் அடைக்கலமேரி மேல். உடையப்பன் கண்ணும்தான். மகனுக்காக இல்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், மானம் பிழைக்கும். உதடு வரை வந்துவிட்டது அந்தப் பொய்.

"எம்மகனுக்காகத்தான் திரும்ப எடுத்துப் படிச்சேன் பரிமளா" என்றாள். "அவனுக்குன்னு ஒண்ணு வரலைன்னா நான் படிச்சிருக்கவே மாட்டேன். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னைக்குச் சொன்னதுதான் சரி. அன்னைக்குச் சொன்னது தப்பு. ஒம்பொண்ணு வாழ்க்கையில நான் மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்."

பரிமளா விறுவிறுவென்று தன் கைப்பேசியில் எதையோ அழுத்தி, அவள் கையில் திணித்தாள். "இதை எங்கிட்டச் சொல்லாதீங்க. அவகிட்டச் சொல்லுங்க."

மணி அடித்தது. எடுக்கமாட்டாள், எடுக்காமல் இருந்தால் நல்லது என்று அடைக்கலமேரிக்கு ஒரு மனம். எடுத்துவிடு தாயே என்று ஒரு மனம்.

"என்னம்மா?" என்றது சலித்த குரல்.

"அன்பு... நான் டீச்சர் அத்தை பேசுறேன்."

சொன்னாள். சிலையைச் சொல்லவில்லை, ராஜாவைச் சொல்லவில்லை. "ஒங்கம்மா கேட்டப்ப நான் தப்பா அர்த்தம் சொல்லிட்டேன்மா. ஒனக்கு நடக்கவேண்டிய கல்யாணம் என்னாலதான் நின்னுபோச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"அவருக்குக் குழந்தை பிறந்திருக்கு அத்தை" என்றாள் அன்புச்செல்வி. "இப்ப ஏன் இதைச் சொல்றீங்க?"

"செம்மலுக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கு. கொடும்பாளூர்ப் பொண்ணு. இந்துப் பொண்ணு."

அழுவாளோ, கத்துவாளோ என்று பயந்தாள். அன்புச்செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்குப் பதில் ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

"நடத்துங்க அத்தை. செம்மல் நல்ல பையன். நின்னுபோகாம நடத்துங்க. ஆனா நான் வரமாட்டேன், கூப்பிடாதீங்க." அழைப்பு அறுந்தது.

அடைக்கலமேரி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்குமேல் யாருக்கும் முடிவு ஜெபம் ஓடவில்லை. சுண்டலைக்கூட வாங்காமல் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

வாசலில் உடையப்பன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். செம்மலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் வேற மாதிரி நெனைச்சு வந்தேன்" என்றார் உடையப்பன். "ஏதோ பூசி மெழுகிட்டுப் போவீங்க, நாமளும் பெரியமனுசனாத் தலையை ஆட்டிட்டுப் போவோம்னு. அந்தப் பொண்ணுகிட்டப் பேசினீங்க பாருங்க..." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நாளைக்கு எம்பொண்ணு விசயத்துல உங்க தப்புன்னாலும் மறைக்கமாட்டீங்கன்னு தோணுதுங்க. வர்ற புதன்கிழமை நாங்க பேசி முடிக்க வாரோம். எங்க சொந்தக்காரங்க கொஞ்சம் பேரு வருவாங்க. நாகராசும் வருவான், ஏதாச்சும் குத்திப் பேசுவான். பொறுத்துக்கங்க."

"அவன் பேசுனா நான் பாத்துக்கிறேன் சம்மந்தி" என்றாள் செவந்தி. இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொள்ளவில்லை.

செம்மல் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். சந்தோஷம் வருமென்று காத்திருந்தாள். எத்தனை வேண்டுதல், எத்தனை கண்ணீர்! வந்தே ஆகவேண்டிய சந்தோஷம் வரவில்லை. காதுக்குள் அன்புச்செல்வியின் சிரிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ அவங்களை பஸ் ஏத்திவிட்டு வாடா" என்று மகனை அனுப்பிவிட்டு அவள் மறுபடி உள்ளே போனாள்.

பரிமளா தனியாகக் கூடத்து ஜமுக்காளத்தை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கைக்கு அடங்காத பெரிய ஜமுக்காளம். அடைக்கலமேரி குனிந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

அவள் விடவில்லை.

"விடுங்கக்கா, சொல்றேன்ல!" பரிமளா வெடுக்கென்று இழுத்தாள். துணி விறைத்து நின்றது. அடைக்கலமேரி தன் பக்கம் இழுக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. பிடித்த முனையோடு அங்கேயே நின்றாள்.